ஹிமேஜி கோட்டைக்கு ஒரு நாள்: ஒசாகாவிலிருந்து கிளம்பும் இருவருக்கு

முதல் தடவை ஹிமேஜிக்குப் போனபோது ஒன்றே கால் மணி நேரத்தில் கோட்டையைப் பார்த்து முடித்துவிட்டேன். விறுவிறுவென்று ஏறினேன், உச்சி மாடிக்குப் போனேன், ஜன்னல் வழியே ஊரைப் பார்த்தேன், இறங்கினேன். "உள்ளே ஒண்ணுமே இல்ல, வெறும் மரம்தான்" என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

இரண்டாம் தடவை கல்லூரி நண்பன் கூட வந்தான். முட்டிவலிக்காரன். இருபது படிக்கு ஒருமுறை நின்றுவிடுவான். அவன் நின்ற இடத்திலெல்லாம் நானும் நிற்க வேண்டியதாயிற்று. சும்மா நிற்கும்போது கண் சும்மா இருக்காதே, சுவரைப் பார்த்தது, கூரை ஓட்டைப் பார்த்தது, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. கோட்டை என்று நான் எதையாவது பார்த்தேன் என்றால் அது அன்றைக்குத்தான்.

ஏறுகிறவனைத் தாமதப்படுத்துவதற்கென்றே கட்டிய இடம் இது. அவசரமாக ஏறினால் கட்டியவர்களின் வேலையே நம் கண்ணில் படாமல் போய்விடும். அதனால் கீழே சொல்லியிருக்கும் திட்டத்தில் உச்சி மாடிக்குக் கொஞ்ச நேரம், அங்கே போகும் வழிக்கு நிறைய நேரம். ஜப்பானுக்குப் புதிதாக வந்து ஒசாகாவில் தங்கியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்த நாள்

முடிந்தால் வார நாள். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் செர்ரி பூக்கும். கோட்டை வளாகத்தில் ஏறக்குறைய 1,000 மரங்கள், கோட்டையின் பிரதான கட்டடமான வெள்ளைக் கோபுரத்தின் அடியில் இளஞ்சிவப்பு மேகம் போல நிற்கும். படத்துக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் கோபுரத்துக்குள் போக வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போகலாம். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வரும் தொடர் விடுமுறை வாரமும் அப்படித்தான், அதைத் தவிர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் நவம்பர் நடுப்பகுதி. வெயில் உறைக்காது, இலைகள் நிறம் மாறியிருக்கும்.

ஆகஸ்டில் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். கோபுரத்துக்குள் ஏசி கிடையாது. ஒசாகா வெயிலுக்குச் சென்னை வெயில் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்குப் புழுங்கும். ஜனவரியில் போனால் நேர்மாறாக, மரத்தரை உள்ளங்காலில் பனிக்கட்டி மாதிரி ஏறும். டிசம்பர் 29, 30 இரண்டு நாளும் கோட்டைக்கு விடுமுறை.

திறப்பது காலை 9 மணி. மாலை 4 மணிக்குப் பிறகு உள்ளே விட மாட்டார்கள், 5 மணிக்கு மூடிவிடுவார்கள். சில நாட்களில் கொஞ்சம் நீட்டிப்பதும் உண்டு. 9 மணிக்கு வாசலில் இருப்பதுபோலக் கிளம்புங்கள். பத்தரை மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறக்கிவிடுவதற்குள் நீங்கள் பாதி ஏறியிருக்கலாம்.

ரயில்: மெதுவானதில் ஏறுங்கள்

ஷின்-ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். கட்டணம் மூவாயிரத்துச் சொச்சம் யென். எல்லா ஷின்கான்சென்னும் ஹிமேஜியில் நிற்பதில்லை, பலகையைப் பார்த்து ஏற வேண்டும்.

நான் சொல்வது ஜேஆர் ரயில் நிறுவனத்தின் ஷின்-கைசொகு, சில நிலையங்களில் மட்டும் நிற்கும் விரைவு வண்டி. ஒசாகா நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், கட்டணம் ஷின்கான்சென்னில் பாதி. முன்பதிவு தேவையில்லை, ஐகோகா என்ற, பணம் ஏற்றி வைக்கும் ரயில் அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம். பகலில் கால் மணிக்கு ஒன்று வரும். வெறும் "கைசொகு" என்று ஒன்று வரும், அதில் ஏறிவிடாதீர்கள், நிறைய இடத்தில் நின்று நின்று போகும். பலகையில் ஹிமேஜி என்று இல்லாமல் அபோஷி என்றோ பான்ஷூ-ஆகோ என்றோ இருந்தாலும் கவலை வேண்டாம். அவை ஹிமேஜியைத் தாண்டிப் போகிற வண்டிகள்தான்.

பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. ஷின்கான்சென் கோபே பக்கம் நீண்ட தூரம் மலைக் குகைக்குள்ளேயே ஓடும். ஷின்-கைசொகு கடலோரமாகப் போகும். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கோபேயைத் தாண்டி சுமா வந்ததும் கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சில நிமிடங்களில் அகாஷி பாலத்தின் அடியில் ரயில் நுழைந்து போகும். 1998இல் திறந்த தொங்கு பாலம், இரண்டு கோபுரங்களுக்கு இடையே மட்டும் 1,991 மீட்டர். பிறகு அகாஷி நிலையம் பக்கம் வலது புறத்தில் பெரிய கடிகாரம் வைத்த கோபுரம் ஒன்று தெரியும். ஜப்பான் நேரத்தை நிர்ணயிக்கும் 135 பாகைத் தீர்க்கரேகை அந்த ஊர் வழியாகப் போகிறது. உங்கள் போனில் ஓடும் நேரம் அந்த இடத்து நேரம்.

ஸ்டேஷனிலிருந்து கோட்டை வரை

வடக்கு வாசலில் வெளியே வாருங்கள். வந்ததுமே தெரியும், நேர் சாலை, அதன் கடைசியில் வெள்ளைக் கோட்டை. வழி கேட்க வேண்டிய வேலையே இல்லை. அதே இடத்தில் முதல் மாடி உயரத்தில் மரத்தால் இழைத்த ஒரு பார்வை மேடை இருக்கிறது, முதல் படத்தை அங்கே எடுத்துக்கொள்ளலாம். பெரிய பை இருந்தால் நிலைய லாக்கரிலேயே போட்டுவிடுங்கள். மேலே படிக்கட்டில் முதுகுப்பையோடு போவது உங்களுக்கும் தொல்லை, பின்னால் வருகிறவருக்கும் தொல்லை.

ஒதேமாயே சாலையில் ஒரு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். பேருந்தும் உண்டு, ஆனால் நடப்பதுதான் நல்லது. ஒவ்வொரு சிக்னலிலும் கோபுரம் கொஞ்சம் பெரிதாகும். மழையோ கடும் வெயிலோ என்றால் இந்தச் சாலைக்கு இணையாகவே கூரை போட்ட கடைவீதி ஒன்று ஓடுகிறது, அதற்குள் புகுந்து போகலாம்.

அகழியைத் தாண்ட ஒரு மரப்பாலம். அதைக் கடந்து பெரிய வாசலுக்குள் நுழைந்தால் பரந்த புல்வெளி. சான்னோமாரு என்று பெயர். இது வரைக்கும் காசு கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு நடப்பார்கள், பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். கோட்டை முழுதாக, எதுவும் மறைக்காமல் தெரிவது இங்கேதான். கோபுரம் வடக்கே, நாம் தெற்கே நிற்கிறோம். அதனால் நாளின் பெரும்பகுதி வெயில் கோட்டையின் முகத்தில் விழும், படத்துக்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு வெள்ளை என்று நண்பன் கேட்டான். சுதைப்பூச்சு. சுண்ணாம்பு, சணல் நார், கடற்பாசியைக் காய்ச்சிய பசை எல்லாம் சேர்த்துக் குழைத்து மரச்சட்டத்தின் மேல் கனமாகப் பூசியிருக்கிறார்கள். மரக்கட்டடத்தைத் தீயிலிருந்து காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஓடுகளின் இணைப்புகளிலும் அதே பூச்சு, அதனால்தான் கூரையும் தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிகிறது. கொக்குக் கோட்டை என்றே செல்லப்பெயர், ஜப்பானியத்தில் ஷிராசகி-ஜோ. 2015இல் பெரிய பராமரிப்பு வேலை முடிந்து திறந்தபோது ஒரேயடியாகப் பளிச்சென்று இருந்ததாம், ஊரில் அதை "ஷிரோசுகி-ஜோ" என்று கிண்டலடித்தார்கள். அளவுக்கு மீறி வெளுத்த கோட்டை என்று பொருள்.

டிக்கெட் வாங்கும் முன் நான்கு வேலைகள்

கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். கோபுரத்துக்குள் பார்வையாளர்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். காலில் ஷூ என்றால் சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். சாக்ஸைப் பாருங்கள், ஓட்டை இருந்தால் இன்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கட்டணம் நெடுங்காலமாக 1,000 யென் ஆக இருந்தது. 2026 மார்ச் முதல் ஹிமேஜி நகரவாசி அல்லாத பெரியவர்களுக்கு 2,500 யென். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். பழைய பதிவுகளில் ஆயிரம் என்று படித்துவிட்டு வந்து கவுன்டரில் முழிக்காதீர்கள். இந்தப் பணத்துக்குத் தகுமா என்றால், ஓடி ஏறி ஓடி இறங்குவதானால் தகாது, புல்வெளியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

நுழைந்ததும் இடது பக்கம்

முதலில் வருவது ஹிஷி வாசல், இங்கே உள்ளவற்றில் பெரியது. அதைத் தாண்டியதும் கூட்டம் நேராகப் போகும். நீங்கள் இடப்பக்கம் திரும்பி மேற்குக் கொத்தளத்துக்கு ஏறுங்கள். நிஷினோமாரு என்பார்கள். மதிலின் மேலேயே கட்டிய நீண்ட மரத்தாழ்வாரம் 200 மீட்டருக்கு மேல் போகிறது, பக்கத்தில் சின்னச் சின்ன அறைகள். இங்கேயும் காலணியைக் கழற்ற வேண்டும்.

இந்தப் பகுதியின் கதை செந்ஹிமே என்ற பெண்ணுடையது. ஜப்பானையே கைக்குள் கொண்டுவந்த தொகுகாவா இயேயாசுவின் பேத்தி. ஏழு வயதில் அரசியல் கணக்குக்காக ஒசாகா கோட்டைக்கு மருமகளாக அனுப்பினார்கள். 1615இல் அதே தாத்தாவின் படை ஒசாகாவைத் தாக்கியது. கணவன் செத்தான், மாமியாரும் செத்தாள், இவளை மட்டும் மீட்டு வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு, ஹிமேஜியை ஆள வந்த ஹோந்தா குடும்பத்து இளைஞனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனோடு வாழ வந்த இடம்தான் இது. தாழ்வாரத்தின் கடைசியில் உள்ள "ஒப்பனைக் கோபுரம்" அவள் கொண்டுவந்த சீர்ப் பணத்தில் கட்டியது என்று பெயர். உள்ளே அவள் உட்கார்ந்து சிப்பி விளையாட்டு ஆடுவதுபோல பொம்மை வைத்திருக்கிறார்கள். இங்கேயும் மகன் குழந்தையிலேயே இறந்தான், 1626இல் கணவனும் போனான், அவள் ஊரைவிட்டே போய்விட்டாள்.

நண்பன் அந்தத் தாழ்வாரத்து ஜன்னல் மேடையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "ரெண்டு கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டிருக்காடா பாவம்" என்றான். அந்த ஜன்னலிலிருந்து கோபுரம் பக்கவாட்டில் தெரியும். புல்வெளியில் பார்த்ததைவிட எனக்கு இந்தக் கோணம் பிடிக்கும், ஒரு பெரிய கோபுரம் மட்டும் இல்லை, மூன்று சின்னக் கோபுரங்கள் அதோடு கோத்து நிற்கின்றன என்பது இங்கேதான் புரியும்.

வாசல்களின் வழி: இங்கே நேரம் செலவழியுங்கள்

மறுபடி பிரதான வழிக்கு வந்தால் வாசல்கள் தொடங்கும். இ, ரோ, ஹா, நி, ஹோ என்று பெயர். ஜப்பானியரின் பழைய எழுத்து வரிசை அது. நாம் அ வாசல், ஆ வாசல், இ வாசல் என்று பெயர் வைத்தால் எப்படி, அப்படி.

வாசல் தாண்டத் தாண்டச் சின்னதாகிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். ஹிஷி வாசலில் குதிரைமேல் வரலாம். ஹோ வாசலில் என் தலையே தட்டப் பார்த்தது, அதுவும் இரும்புத் தகடு அடித்த கதவு. எவ்வளவு பெரிய படையாக வந்தாலும் கடைசியில் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்துதான் நுழைய முடியும்.

அடுத்து வழியைக் கவனியுங்கள். ஹா வாசலுக்குப் போகும் சரிவில் கோபுரம் கண்ணெதிரே நிற்கும், இதோ வந்துவிட்டோம் என்று தோன்றும். அதற்கப்புறம் நி வாசலில் வழி சட்டென்று வந்த திசைக்கே திரும்பிவிடும். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்போம். இன்னும் கொஞ்சம் மேலே போனால், கோபுரத்துக்குப் போகும் பாதை ஓரிடத்தில் கீழ்நோக்கி இறங்கும். தப்பான வழியில் வந்துவிட்டோமோ என்று நண்பன் நின்றுவிட்டான். எதிரியும் அங்கே அப்படித்தான் நின்றிருக்க வேண்டும் என்பது கட்டியவர்களின் கணக்கு.

நிற்கிறவனை அடிக்கச் சுவரில் துளைகள். வெள்ளைச் சுவர் நெடுக வட்டம், முக்கோணம், சதுரம், நீண்ட செவ்வகம் என்று வெட்டியிருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் வரைந்த மாதிரி அழகாக இருக்கும், பலர் அலங்காரம் என்றே நினைத்துப் போகிறார்கள். நீளமானவை அம்புக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. நம் பழந்தமிழில் இதற்கு ஏப்புழை என்று ஒரு சொல் இருக்கிறது, ஏ என்றால் அம்பு, புழை என்றால் துளை. உட்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், உள்ளே அகலம், வெளியே குறுகல். உள்ளே இருப்பவன் வில்லை இடம் வலம் திருப்பலாம், வெளியே இருப்பவனுக்குக் குறி வைக்க விரலளவு இருட்டுதான் தெரியும்.

இருவராகப் போனதன் பயன் இங்கே கிடைத்தது. அவன் கீழே திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டான், நான் மேலே ஏறி ஒரு முக்கோணத் துளையில் கண்ணை வைத்தேன். அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பது அப்படியே தெரிந்தது. போன் போட்டேன்.

"டேய், நிமிர்ந்து பாரு. உன்னையேதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"எங்கடா இருக்க?"

இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், எழுந்து நின்று பார்த்தான். கடைசி வரைக்கும் என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்களும் செய்து பாருங்கள், பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு.

அதே சுவர்களில் இன்னும் சில விஷயங்கள் தேடலாம். கருங்கல் சுவரின் ஒரு மூலையில் கம்பிவலை போட்டு ஒரு கல்லைப் பாதுகாத்து வைத்திருப்பார்கள், திருகைக் கல் மாதிரி. திருகையேதான். 1580 வாக்கில் ஹிதேயோஷி என்ற படைத்தளபதி இங்கே கோட்டை கட்டியபோது கல் தட்டுப்பாடாம். பலகாரம் விற்ற கிழவி ஒருத்தி தன் பிழைப்புக்கு வைத்திருந்த திருகையைக் கொடுத்தாளாம், செய்தி பரவி ஊரே கல் கொண்டுவந்து குவித்ததாம். கதைதான். ஆனால் கல் தட்டுப்பாடு நிஜம், பழங்காலத்துக் கல் சவப்பெட்டிகளைக்கூட எடுத்துச் சுவரில் அடுக்கியிருக்கிறார்கள். ஹோ வாசலை ஒட்டி, வெள்ளை பூசாத பழுப்புநிற மண்சுவர் ஒரு துண்டு நிற்கும். அது ஹிதேயோஷி காலத்தது என்று சொல்கிறார்கள், நானூறு வருஷத்து மழைக்குக் கரையாத மண். கூரை ஓடுகளின் நுனியைப் பாருங்கள், வட்டத்துக்குள் வண்ணத்துப்பூச்சி தெரிந்தால் அது இக்கேதா குடும்பத்து முத்திரை.

இன்று நாம் பார்க்கும் கோட்டையைக் கட்டியவர் அந்தக் குடும்பத்து இக்கேதா தெருமாசா, இயேயாசுவின் மருமகன். 1601இல் தொடங்கி 1609இல் முடித்தார். இத்தனை சூழ்ச்சி செய்து கட்டிய வழியில் ஒரு படைகூட ஏறி வந்ததில்லை. இந்த வாசல்களில் ஒரு சண்டையும் நடக்கவில்லை.

கோபுரத்துக்குள்

வாசலில் ஒரு பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள். செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதில்லை, கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போய்த்தானே பழக்கம். இங்கே விட முடியாது, பையில் போட்டுக் கையோடு தூக்கிக்கொண்டே ஏழு தளமும் ஏற வேண்டும். ஒரு கையில் பை, இன்னொரு கை கைப்பிடிக்கு. அதனால் போன் சட்டைப்பையில் இருக்கட்டும்.

வெளியிலிருந்து ஐந்து மாடி போலத் தெரியும், உள்ளே ஆறு மாடியும் ஒரு அடித்தளமும். படிகள் ஏணி மாதிரி செங்குத்து, நானூறு வருஷம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், சாக்ஸ் வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். முட்டிவலி உள்ளவர்கள் இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்குங்கள். பின்னால் வருகிறவர்கள் காத்திருப்பார்கள். லிஃப்ட் கிடையாது, சக்கர நாற்காலிக்கு வழி இல்லை. ஏற முடியாதவர் பாதியில் திரும்புவதைவிடக் கீழே பிசென்-மாரு முற்றத்தில் காத்திருப்பது மேல்.

அறைகள் காலிதான். தளவாடம் இல்லை, அரியணை இல்லை. பிரபு இங்கே குடியிருக்கவும் இல்லை, அவர் வீடு கீழே இருந்தது. முற்றுகை வந்தால் ஒதுங்குவதற்காக வைத்திருந்த கட்டடம். அதை மனதில் வைத்துப் பார்த்தால் காலி அறையிலும் பார்க்க நிறைய இருக்கிறது. அடித்தளத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி, ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கழிப்பறை. சுவர் நெடுக ஈட்டியும் துப்பாக்கியும் மாட்டும் கொக்கிகள், முளைகள். மேல் தளங்களில் மூலைக்கு மூலை, ஆள் பதுங்கும் சின்ன அறைகள்.

எல்லாவற்றையும்விட அந்த இரண்டு தூண்களைப் பாருங்கள். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று, கிட்டத்தட்ட 25 மீட்டர் உயரம், அடித்தளத்திலிருந்து மேல் தளத்தின் அடி வரை போகின்றன. மொத்தக் கட்டடத்தின் முதுகெலும்பு. ஒவ்வொரு மாடியிலும் அதே தூணைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டே ஏறுங்கள், மேலே போகப் போக மெலியும். 1956 முதல் 1964 வரை கோபுரத்தை முழுக்கப் பிரித்து மறுபடி கோத்தபோது மேற்குத் தூண் உளுத்துப்போயிருந்தது. அந்த நீளத்துக்கு ஒரே மரம் சரியாக அமையாமல் இரண்டு மரங்களை இணைத்துத்தான் நிறுத்தினார்கள். கிழக்குத் தூண் பழையதுதான், அடிப்பகுதி மட்டும் புதிது. நண்பன் சிவில் என்ஜினீயர். மூன்றாம் மாடியில் தூணைத் தட்டித் தடவிக்கொண்டு அரை மணி நேரம் நகரவில்லை.

உச்சியில் ஒரு சின்னக் கோயில், ஒசாகபே தெய்வம். கோட்டை வருவதற்கு முன்பே இந்தக் குன்றில் இருந்த சாமி. அதன் முன் நின்று தெற்கே பார்த்தால் நீங்கள் நடந்து வந்த சாலை, கடைசியில் ஸ்டேஷன், நூல் பிடித்த மாதிரி. 1945 ஜூலை 3 இரவு குண்டுவீச்சில் அந்த ஊர் எரிந்துபோனது. கோபுரத்தின் மேல் தளத்திலும் ஒரு எரிகுண்டு விழுந்தது, பற்றவில்லை. கீழே தெரிகிற நேர் சாலையும் கட்டடங்களும் அதன் பிறகு வந்தவை.

உச்சியில் பத்து நிமிடம் போதும். கூட்டம் தள்ளும்.

இறங்கி வெளியே வந்தால் பிசென்-மாரு முற்றம். கோபுரம் தலைக்கு மேல் நிற்கும். இங்கே ஷூவை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து, காலை நீட்டிக்கொள்ளுங்கள். வெளியேறும் வழியில் ஒகிகுவின் கிணறு வரும். பத்துத் தட்டில் ஒன்றைத் திருடினாள் என்று பழிபோட்டுக் கொன்று கிணற்றில் போட்ட வேலைக்காரப் பெண், ராத்திரியில் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணுகிற ஆவிக்கதை. கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள், எட்டிப் பார்த்தால் இருட்டுதான்.

ஹிஷி வாசல் பக்கம் ஒரு நினைவுக்கல் நிற்கும், பெரும்பாலோர் பார்க்காமல் போவார்கள். பிரபுக்களின் ஆட்சி ஒழிந்த மெய்ஜி காலத்தில் (1868க்குப் பின்) கோட்டைகளுக்கு வேலையில்லாமல் போய், இந்தக் கோட்டை 23 யென் 50 சென்னுக்கு ஏலம் போனதாம். வாங்கியவருக்கு இடிக்கும் செலவே கட்டுப்படியாகவில்லையாம். சிதைந்துகொண்டிருந்ததை 1878இல் நாகாமுரா ஷிகெதோ என்ற ராணுவக் கர்னல் மேலிடத்துக்கு மனுப் போட்டுக் காப்பாற்றினார். கல் அவருக்காக. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜப்பானின் முதல் இடங்களில் இதுவும் ஒன்று.

சாப்பாடு

வெளியே வரும்போது மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை, ஊர் அனாகோவுக்குப் பேர்போனது. அனாகோ விலாங்கு மாதிரியான கடல்மீன், சுட்டுச் சோற்றின்மேல் வைத்துத் தருவார்கள். முட்டை, முள்ளங்கி போன்றவற்றைச் சாற்றில் வேகவைத்துத் தருவது ஓதென், அதை இஞ்சி கலந்த சோயா சாற்றில் தொட்டுச் சாப்பிடுவது இந்த ஊர்ப் பக்குவம்.

சைவக்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். கறி, மீன் துண்டு இல்லையென்றாலும் சாற்றில் மீன் இருக்கும். நூடுல்ஸ் கடை, ஓதென் கடை எல்லாவற்றிலும் குழம்பின் அடிப்படையே கருவாட்டுச் சாறு. "மீன் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் துண்டு இல்லை என்றுதான் அர்த்தம். பழைய காபிக் கடைகளில் பாதாம் வெண்ணெய் தடவிய தடிமனான ரொட்டி கிடைக்கும், ஆல்மண்ட் டோஸ்ட் என்பார்கள், ஊரின் அடையாளங்களில் ஒன்று, நம்பிச் சாப்பிடலாம். வயிறு நிறைய வேண்டுமானால் காலையிலேயே புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து சான்னோமாரு புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது, பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல்

கோட்டைக்கு மேற்கே, அகழியை ஒட்டி கோகோ-என் தோட்டம். 1992இல் திறந்தது, பழைய பிரபுவின் மாளிகை இருந்த மனையில் மண்சுவர் எழுப்பி ஒன்பது தோட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தனிக் கட்டணம், கோட்டையோடு ஒப்பிட்டால் சொற்பம். ஏற்றம் இல்லை, படி இல்லை, குளத்தில் பெரிய பெரிய வண்ணமீன்கள். களைத்த முட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஷோஷா மலையில் எங்யோ-ஜி என்று ஒரு பழைய கோயில் இருக்கிறது, 966இல் தொடங்கியது. அதையும் இதே நாளில் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஸ்டேஷனிலிருந்து பேருந்தில் அரை மணி, பிறகு ரோப்வே, மேலே காட்டுக்குள் நடை. சேர்த்தீர்கள் என்றால் கோட்டையில் ஓட வேண்டியிருக்கும். அதை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

திரும்பும் ரயில்

நான்கு, நாலரைக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பினால் அலுவலகக் கூட்டத்துக்கு முன் ஏறிவிடலாம். பலகையில் ஒசாகா என்ற பெயரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். நாகாஹாமா, யாசு, மைபாரா, த்சுருகா என்று கேள்விப்படாத ஊர்ப்பெயர் போட்டிருக்கும். ஷின்-கைசொகு என்றிருந்தால் ஏறலாம், எல்லாம் ஒசாகா வழியாகத்தான் போகும். தூங்கிவிட்டால் மட்டும் ஆபத்து, வண்டி கியோத்தோவையும் தாண்டிப் போய்விடும். இருவரில் ஒருவர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹிமேஜியிலேயே கிளம்பும் வண்டிகளும் உண்டு, ஐந்து நிமிடம் முன்னாலேயே நடைமேடையில் நின்றால் இடம் கிடைக்கும். கடல் இப்போது வலது பக்கம்.